மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது

2031ஆம் வருஷம் இந்தியா எவ்வளவு நிலக்கரி எரிக்கும் என்று கண்டுபிடிக்கிற பொறுப்பை, 2007 பிப்ரவரியில் என்னிடம் கொடுத்தார்கள். கூடவே ஒரு துணிப்பை, நாலு பேனா, வைத்து எழுத ஒரு அட்டை.

அதற்கு முன்னால் நான் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் இருந்தேன். மூன்று வருஷ காண்ட்ராக்ட். முடிந்த அன்று கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "நன்றி ரஞ்சிதா" என்றார்கள். மூன்று வருஷத்தில் என் பெயரை அவர்கள் சொன்னது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் கௌதம் வேறொரு கம்பெனியில் பெர்மனென்ட் என்பதால் அடுப்பு எரிந்தது. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் கௌதமுக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் இந்தக் கணக்கெடுப்பு வேலைக்கு மனு எழுதிப் போட்டது அவர்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நாடு வளர வேண்டும், புகை குறைய வேண்டும், ஏழைகள் இருட்டில் கிடக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்த மாதிரி 2031 வரைக்கும் டெல்லியில் திட்டம் போடுகிறார்கள், அதற்குத்தான் இந்தக் கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலையே மே முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும்தான்.

சிரித்ததை முனிவேல் சார் பார்த்துவிட்டார். அவர்தான் எங்களுக்கு மேற்பார்வையாளர். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா.

"எண்பத்திரண்டு கேள்வி இருக்குது. அவங்க சொல்றத எழுதணும். நீ நெனைக்கறத எழுதக் கூடாது. எங்கயாச்சும் அடிச்சுத் திருத்தினா, பக்கத்துல பதில் சொன்னவங்க கையெழுத்து வேணும். புரியுதா?" என்றார்.

புரிந்தது. எங்கள் பகுதிக்கு வந்த விஷயமும் புரிந்தது. விவசாயக் கிணறுகளில் இருப்பதெல்லாம் அரதப்பழசான மோட்டார்கள். ரெண்டு மடங்கு கரண்ட் தின்னும். பகலில் கரண்ட் எல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விடும். மோட்டார் ஓட்டுவதற்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் காடுகளுக்கு, அதாவது விவசாய நிலங்களுக்கு, ராத்திரியில்தான் வரும். அந்த மோட்டார்களை மாற்றி, தனி லைன் போட்டு, பகலிலேயே ஆறு மணி நேரம் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு. மாவட்டத்தில் பன்னிரண்டு ஊரில் கணக்கெடுத்து, நாலு ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே சரிப்பட்டால் பிறகு நாடு முழுக்க.

எனக்குக் கிடைத்த ஊர் கொத்தசந்திரம். கெலவரப்பள்ளி அணைக் கால்வாய் முடிகிற இடத்திலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கால்வாய்க்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். எல்லாம் கிணற்றுத் தண்ணீர். தக்காளி, மல்பெரி, ராகி, ரெண்டு பேர் ரோஜா. மோட்டார் உள்ள வீடு நாற்பத்தொன்று.

ஊருக்குள் போன உடனே சென்னப்பனைத்தான் பார்க்கச் சொன்னார்கள். அறுபது வயது, பால் சொசைட்டித் தலைவர். காபி கொடுத்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தெக்கத்திப் பொண்ணா நீ?" என்றார். அப்பா கருப்பசாமி அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், நான் வளர்ந்தது ஓசூரில் என்றேன். "அப்ப எங்க பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பினார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு உதவி செய்கிறார் என்று முதல் மூன்று வீடு வரைக்கும் நினைத்தேன்.

பதினாலாம் கேள்வி: மோட்டார் நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

"ரெண்டு மணி நேரந்தாங்க. அதுவும் எப்பவாச்சும்."

முதல் வீட்டில் சொன்னார்கள், எழுதினேன். ரெண்டாவது வீட்டிலும் அதே ரெண்டு, அதே எப்பவாச்சும். ஏழாவது வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிட்டது. அங்கே ஒருவர் இதைச் சொல்லும்போதே பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். "அது பக்கத்துக் காட்டு மோட்டாருங்க" என்றார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனேன். அவரும் எங்கேயோ கையைக் காட்டி, பக்கத்துக் காட்டு மோட்டார் என்றார்.

என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், மீட்டர் கிடையாது. யாராவது நோட்டோடு வந்து மோட்டாரைப் பற்றிக் கேட்டால், அடுத்து மீட்டர் வரப்போகிறது என்று அர்த்தம். அதனால் ஊரே கூடி ஒரு பதிலைப் பேசி வைத்திருக்கிறது. அது ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க நாற்காலியும் கூடவே வருகிறது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு, எனக்கென்ன வந்தது என்றும் தோன்றியது. மே முப்பத்தொன்றுக்குப் பிறகு இந்தியா கரியை எரித்தால் என்ன, வறுத்துத் தின்றால் என்ன? சொன்னதை எழுதினேன்.

முப்பதாவது வீடோ என்னவோ, வெங்கடம்மாள் வீடு. சென்னப்பனுடைய தம்பி திம்மப்பனின் மனைவி. திம்மப்பன் உயிரோடு இல்லை. அங்கே மட்டும் சென்னப்பன் நாற்காலியை வேலி ஓரமாகப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கணவனின் அண்ணனை அவர்கள் பாவா என்பார்கள். பாவா முன்னால் தம்பி பெண்டாட்டி உட்கார மாட்டாள், நேருக்கு நேர் பேச மாட்டாள். அவரும் அவளிடம் ஒரு வார்த்தை நேராகச் சொல்ல மாட்டார். வெங்கடம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

பதினாலாம் கேள்வியைப் படித்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் வேலியோரத்திலிருந்து, "ரெண்டுன்னு எழுதும்மா" என்று குரல் வந்தது.

வெங்கடம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு" என்றார்.

பதினைந்தாம் கேள்வி: மோட்டாரை இயக்குவதற்காக வீட்டில் எத்தனை பேர் நேரம் செலவிடுகிறார்கள்?

"ஒருத்தி" என்றார். நான் 1 என்று எழுதினேன்.

அந்த வீட்டுப் படிவத்தில் கடைசிப் பக்கக் கையெழுத்தை வாங்க மறந்துவிட்டேன். அதனால் மறுநாள் நான் மட்டும் போனேன். வெங்கடம்மாள் மல்பெரிக் காட்டில் தழை அறுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், தெலுங்கு எழுத்தில். போட்டுவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கணக்க வெச்சு என்ன கண்ணு பண்ணுவாங்க?"

நான் டெல்லி, புகை, 2031 எல்லாம் சொன்னேன். அவர் தழை அறுப்பதை நிறுத்தவில்லை. நாலு ஊருக்குப் பகலில் கரண்ட் கொடுப்பார்கள் என்றபோது அரிவாள் நின்றது.

"பகல்லயா?"

"ஆமாம்மா. ஆறு மணி நேரம்."

"பகல்லன்னா, வெளிச்சத்துலயா?" என்று மறுபடி கேட்டார்.

பிறகுதான் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், ராத்திரி கரண்ட் வந்ததும் திம்மப்பன் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். வரப்பில் கட்டுவிரியன். சத்தம் கேட்டு ஓடிப்போய், தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியது சென்னப்பன்தான். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. மகன் பிரகாஷுக்கு சிப்காட்டில் நைட் ஷிப்ட். அதனால் அன்றிலிருந்து தண்ணீர் கட்ட வெங்கடம்மாள்தான் போகிறார்.

"ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டா மோட்டாரு தானா ஓடும். மடைய யாரு மாத்தறது? ஒரு பாத்தி நெறைஞ்சா அடுத்த பாத்திக்குத் திருப்பணும். எட்டு மணி நேரம், விடிய விடிய நிக்கோணும்."

"பயமா இல்லையாம்மா?"

"பாம்புக்குக் கூட அவ்வளவு பயமில்ல கண்ணு. காலத் தட்டித் தட்டி நடந்துருவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு டார்ச் லைட்டு வருது. நான் காட்டுக்குப் போனா தூரத்துல எரியும். நான் எங்க போறனோ அந்தப் பக்கமே திரும்பும். நான் வீட்டுக்கு வந்தா அணைஞ்சிரும். நாலு வருசமா. யாருன்னு தெரியல. பிரகாஷு கிட்டச் சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவான். சொல்லல. இந்த அரிவாள எடுத்துட்டுத்தான் போறேன்."

"அப்புறம் ஏம்மா ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க?"

"பாவா சொல்லிட்டாரே. மீட்டரு வெச்சா கட்ட முடியாம மொதல்ல நிக்கறவ நாந்தான். அதுவும் நெசந்தான?" தழைக் கட்டைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றிவிட்டேன். நாலு அடி போய்விட்டுத் திரும்பி, "பகல் கரண்டு எப்ப கண்ணு வரும்?" என்றார்.

சீக்கிரம் வரும் என்றேன். ஏதோ என் கையில் இருப்பது மாதிரி சொன்னேன்.

படிவங்களைக் கொடுத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை முனிவேல் சார் கூப்பிட்டு அனுப்பினார். வேறொரு ஊருக்குப் போகச் சொல்வதற்காக. அவர் மேஜையில் பன்னிரண்டு ஊர் பட்டியல் இருந்தது. கொத்தசந்திரம் பன்னிரண்டாவது.

"ஏன் சார் கடைசியில இருக்கு?"

"ரெண்டு மணி நேரம் ஓடற மோட்டார மாத்தி என்னம்மா மிச்சமாவப் போவுது? சராசரி ஆறு மணி நேரத்துக்குக் கொறைஞ்சா எடுத்துக்கவே மாட்டாங்க. இதுல விட்டா அடுத்தது அஞ்சு வருசம் கழிச்சுத்தான்."

"அது பொய் சார்."

"எது?"

"ரெண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் ஓடுது. மீட்டர் வந்திரும்னு பயந்து ஊரே சேர்ந்து சொல்லுச்சு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதின?"

"சொல்றத எழுதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

முனிவேல் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பீரோவைத் திறந்து அந்த நாற்பத்தொரு படிவங்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கெழமை சாயங்காலம் பட்டியல் சென்னைக்குப் போவுது. அதுக்குள்ள அவங்களாவே திருத்திச் சொன்னா, பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டு வா. நான் ஏத்துக்கறேன். நீயா திருத்தினேன்னா உன் வேலையோட என் வேலையும் போயிரும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கௌதமிடம் சொன்னேன். "நீயே எட்டுன்னு போட்டு, நாலு விதமா கையெழுத்தும் போட்டுரு. டெல்லியில இருந்து ஆளா வரப்போறான்?" என்றார். பேனாவைக் கையில் எடுத்தது உண்மை. வெங்கடம்மாளின் தெலுங்குக் கையெழுத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். ஒருவர் சொல்லாததை இன்னொருவர் சொன்னதால் வந்த வினை இது. நானும் அதையே செய்வதா?

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கொத்தசந்திரம் பால் சொசைட்டியில் நின்றேன். ஊரில் எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்க அதுதான் நேரம். வரிசையில் கேன்களும் தூக்குவாளிகளும். ஒவ்வொருவர் பாலிலும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டிகிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னப்பன் அதே பிளாஸ்டிக் நாற்காலியில்.

"வாம்மா. இன்னும் கேள்வி பாக்கியா?"

"ஒரே ஒரு கேள்விதாங்கய்யா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பகல் கரண்டைப் பற்றி, நாலு ஊரைப் பற்றி, ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் பட்டியலில் இல்லை என்பதைப் பற்றி, எல்லாம் சொன்னேன். முதல் தடவையே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், எதற்குக் கேட்கிறோம் என்று சொல்ல யாரும் சொல்லித் தரவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"இங்க பாலுக்கு டிகிரி பாக்கறீங்க. யாரும் கோவிச்சுக்கறதில்ல. மோட்டாருக்கும் உள்ளபடி சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

எல்லாரும் சென்னப்பனைப் பார்த்தார்கள்.

"மீட்டரு வெக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுப்பியாம்மா?" என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

கொடுப்பேன் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "முடியாதுங்கய்யா. என் வேலையே மே முப்பத்தொண்ணு வரைக்கும்தான். அதுக்கப்புறம் என்ன வெப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான்." அவர் குரலில் கோபமில்லை. "நாலு ஏக்கரு வெச்சிருக்கறவன் எப்படியாச்சும் கட்டிருவாம்மா. எங்க வீட்டுல ஒரு பொம்பள தனியா வெள்ளாமை பண்ணுது. நாளைக்கு மீட்டரு வந்தா அது எங்க போயி நிக்கும்? அதுக்காகத்தான் ஊரையே ரெண்டுன்னு சொல்ல வெச்சேன். எனக்காக இல்ல."

அதுவரைக்கும் அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

வரிசையின் கடைசியில் வெங்கடம்மாள் நின்றிருந்தார். தலையில் முக்காடு, கையில் தூக்குவாளி. வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். பாவாவைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லையே. ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"கண்ணு, எனக்காகன்னு சொல்றாங்க. எனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல. நீ கேட்ட, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலு வந்துருச்சு."

பால் அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என் மோட்டாரு எட்டு மணி நேரம் ஓடுது. எழுதிக்க. மீட்டரு வெச்சா ஒரு வேள களியக் கொறைச்சுத் தின்னுட்டுக் கட்டறேன். ராத்திரியில போவ இனிமே என்னால ஆவாது. அவரு விழுந்த வரப்பத் தாண்டித்தான் மோட்டாருக்குப் போறேன். அதயாச்சும் பொறுத்துக்கலாம். என் பின்னாலயே ஒரு டார்ச்சு வருது. நாலு வருசமா வருது. யாரு, எதுக்கு வராங்கன்னு தெரியாம, ஒரு கையில மம்பட்டி, ஒரு கையில அரிவாளு வெச்சுட்டு மடை திருப்பறேன். உங்க காயிதத்துல இதுக்குக் கட்டம் இருக்குதா கண்ணு?"

இல்லை. எண்பத்திரண்டு கேள்வியில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இளவட்டங்கள் ரெண்டு பேர், "எவன் அவன்? இன்னிக்கே புடிக்கறோம்" என்று முன்னால் வந்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னப்பன் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவங்க வீட்டுக் காயிதத்த எடும்மா" என்றார்.

எடுத்தேன்.

"பதினாலுல எட்டுன்னு எழுது. அது சரிதான். அடுத்த கேள்வி என்ன?"

"மோட்டாரை இயக்குவதற்காக எத்தனை பேர் நேரம் செலவிடுகிறார்கள்" என்று படித்தேன்.

"என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணு."

"அது தப்பு. ரெண்டுன்னு எழுது."

எனக்கு உடனே பிடிபடவில்லை. "ரெண்டாவது ஆளு யாருங்கய்யா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, வெங்கடம்மாளையும் பார்க்கவில்லை. பால் கேன் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டார்ச்சு என்னுதும்மா."

முன்னால் வந்த இளவட்டங்கள் ரெண்டு பேரும் வரிசைக்குப் பின்வாங்கினார்கள்.

"தம்பி கிட்ட டார்ச்சு இல்ல. சந்தையில வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தேன். ரெண்டு சந்த போச்சு, மறந்துட்டேன். அவன் போனப்புறம் அவன் பொண்டாட்டி இருட்டுல போறத எப்படிப் பாத்துட்டுத் தூங்கறது? கூட வர முறையில்ல. கூப்புட்டுச் சொல்லவும் முறையில்ல. தூரத்து வரப்புல நின்னு அடிச்சேன். வெளிச்சம் தெரிஞ்சா தைரியமா இருக்கும்னு நெனைச்சேன்." கேன் மூடியை அழுத்தினார். "பயப்பட வேணான்னு சொல்லும்மா."

அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் நாலு அடி தூரம்கூட இல்லை. நான் திரும்பி வெங்கடம்மாளிடம், "பயப்பட வேண்டாமாம்மா" என்றேன்.

அவர் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். துணியை எடுத்துவிட்டு, "மொதல்லயே யாராச்சும் கிட்டச் சொல்லி அனுப்பியிருந்தா நாலு வருசம் நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்க மாட்டேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

அதையும் திரும்பிச் சொன்னேன். சென்னப்பன் தலையை ஆட்டினார்.

பதினாலில் 2 என்பதை அடித்து 8 என்றும், பதினைந்தில் 1 என்பதை அடித்து 2 என்றும் எழுதினேன். பக்கத்தில் வெங்கடம்மாள் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். ரெண்டாவது ஆளும் போட வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. நான் படிவத்தை நீட்டினேன், அவரும் போட்டார்.

பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையைப் பார்த்து, "பாலு ஊத்தறவங்க ஊத்துங்க. ஊத்திட்டு அந்தம்மா கிட்ட உள்ளபடி சொல்லுங்க" என்றார். எட்டு, ஏழு, ஒன்பது என்று வந்தது. பக்கத்துக் காட்டு மோட்டார்க்காரர்கூடச் சிரித்துக்கொண்டே, அது தன் மோட்டார்தான் என்று ஒத்துக்கொண்டார். மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் கடைசி வரைக்கும் ரெண்டு மணி நேரத்தை விடவில்லை. விட்டுவிட்டேன், அது அவர்கள் பதில். வெள்ளிக்கிழமை மத்தியானமே முனிவேல் சாரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். வெங்கடம்மாள் வீட்டுப் படிவத்தில் மட்டும் நிமிர்ந்து, "இதுல ஏன் ரெண்டு பேரு கையெழுத்து?" என்றார். சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டியலில் நாலாவது ஊராகக் கொத்தசந்திரம் வந்தது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. டெண்டர் என்றார்கள், கம்பம் வரவில்லை என்றார்கள், அடுத்த வருஷம் மாநிலம் முழுக்கக் கரண்ட் தட்டுப்பாடு வந்து, ஊருக்கு ஊர் கட் ஆனபோது இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று நானே நம்பிக்கையை விட்டுவிட்டேன். 2009 ஆடியில் பகல் கரண்ட் வந்தது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரைக்கும். அதற்குள் நான் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தேன், அதே காண்ட்ராக்ட்தான். லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன்.

வெங்கடம்மாள் பதினொரு மணி வெயிலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கையில் மம்பட்டி மட்டும்தான். மீட்டர் வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பாவா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இப்பெல்லாம் ராத்திரியில தூங்கறாராம் கண்ணு. கொறட்டையில எனக்குத் தூக்கம் போச்சுன்னு அவரு வீட்டம்மா என்கிட்ட வந்து சண்ட போடுது" என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி போய் முனிவேல் சாரைப் பார்த்தேன். டெல்லிக்குப் போன அறிக்கையின் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. தடிமனான புத்தகம். 2031 வரைக்கும் கோடு கோடாகப் படம் போட்டிருந்தார்கள். பின்னிணைப்பில் எங்கள் ஊரைத் தேடிப் பிடித்தேன். ஒரே ஒரு வரி. மோட்டார் ஓடும் நேரம், சராசரி 7.4. மோட்டாரை இயக்க நேரம் செலவிடுவோர், வீட்டுக்குச் சராசரி 1.02.

மற்ற நாற்பது வீட்டிலும் ஒருவர்தான். அந்தப் புள்ளி பூஜ்யம் ரெண்டு யார் என்று டெல்லியில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சென்னப்பன் என்று எழுதினேன். முனிவேல் சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.